தீக்குதிரை ஆண்டின் பெண்கள்

ஜப்பானிய மக்கள்தொகையை வயதுவாரியாக அடுக்கிக் காட்டும் வரைபடத்தை நோக்குபவர் எவரும், அதில் ஓரிடத்தில் ஆழமான வெட்டு ஒன்று விழுந்திருப்பதைக் காணாமல் இருக்க முடியாது. இரண்டாம் உலகப்போரின் இறுதியை ஒட்டி விழுந்த பள்ளத்திற்குக் காரணம் கேட்க வேண்டியதில்லை. நாம் சொல்லும் வெட்டு 1966ஆம் ஆண்டிற்குரியது. அவ்வாண்டில் ஜப்பானில் போரில்லை, பஞ்சமில்லை, கொள்ளைநோயில்லை. டோக்கியோவில் ஒலிம்பிக் பந்தயங்கள் நடந்து இரண்டாண்டுகளே ஆகியிருந்தன. ஷின்கான்சென் அதிவேக ரயில் ஓடத் தொடங்கியிருந்தது. வீடுதோறும் தொலைக்காட்சிப் பெட்டி நுழைந்துவிட்டது. 1965இல் அந்நாட்டில் 18,23,697 குழந்தைகள் பிறந்தன. 1967இல் 19,35,647 குழந்தைகள். இடைப்பட்ட 1966இல் மட்டும் 13,60,974. ஒரே ஆண்டில் பிறப்பு கால்பங்கு குறைந்து, மறு ஆண்டே முன்னிலும் அதிகமாக எழுந்து நின்றது.

காரணம் அந்த ஆண்டின் பெயர். சீன மரபிலிருந்து ஜப்பான் ஏற்றுக்கொண்ட அறுபதாண்டுச் சுழற்சியில் 1966 ‘ஹினோஎ உமா’, அதாவது தீக்குதிரை ஆண்டு. அவ்வாண்டில் பிறக்கும் பெண் அடங்காதவள், முன்கோபி, கணவனின் ஆயுளைக் குறைப்பவள், அவனையே விழுங்கிவிடுபவள் என்பது அங்கே முந்நூறாண்டு காலமாக வழங்கிவந்த நம்பிக்கை. மகளைப் பெற்றால் அவளுக்கு மாப்பிள்ளை கிடைக்கமாட்டான் என்று அஞ்சிய இலட்சக்கணக்கான தம்பதியர் அந்த ஓராண்டு குழந்தையே வேண்டாமென்று இருந்துவிட்டனர்.

ராசிபலன் நூல்கள் இன்று உலகெங்கும் விற்கின்றன. குதிரை ஆண்டில் பிறந்தவர் சுறுசுறுப்பானவர், பேச்சு வல்லவர், கூட்டத்தில் மகிழ்பவர், பொறுமையற்றவர், சிறுவயதிலேயே வீட்டைவிட்டு வெளியேறத் துடிப்பவர் என்று அவை எழுதும். படித்துவிட்டுச் சிரித்து மறந்துவிடக்கூடிய வரிகள்தாம். ஆயினும் ஒரு விலங்கின் குணம் ஒரு மனிதப்பிறவியின் மேல் எவ்வாறு வந்து அமர்ந்தது, அமர்ந்தபின் என்ன செய்தது என்று பின்னோக்கிச் செல்லும்போது, சிரிப்பு பாதிவழியிலேயே நின்றுவிடுகிறது. அந்த வழியில் சிறிது தூரம் போய்ப் பார்ப்போம்.

சீனக் காலக்கணக்கின் அடிப்படை இரண்டு வரிசைகள். ஒன்று ‘வானத் தண்டுகள்’ எனப்படும் பத்து. மற்றொன்று ‘நிலக் கிளைகள்’ எனப்படும் பன்னிரண்டு. இரண்டையும் பல்சக்கரங்களைப்போல் ஒன்றோடொன்று பொருத்திச் சுழற்றினால், முதல் இணை மீண்டும் வருவதற்கு அறுபது அடிகள் ஆகும். பிரபவ முதல் அட்சய வரை அறுபது ஆண்டுப் பெயர்களோடு வளர்ந்த நமக்கு இந்த எண் அந்நியமானதன்று. ஆனால் சீனத்தில் இக்கணக்கு முதலில் ஆண்டுகளுக்கு ஏற்பட்டதன்று, நாட்களுக்கு ஏற்பட்டது. மூவாயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட ஷாங் அரசர்காலக் குறியெலும்புகளில், நாட்களைக் குறிக்கவே இந்த அறுபதும் பயன்படுகின்றன. ஆண்டுகளை இவ்வாறு எண்ணும் வழக்கம் ஹான் பேரரசின் காலத்தில்தான் நிலைபெற்றது. விலங்குகளோ அந்த எலும்புகளில் எங்குமே இல்லை.

விலங்குகள் எப்போது வந்தன? 1975இன் இறுதியில் ஹூபெய் மாநிலத்து யுன்மெங் வட்டத்தில், ஷுய்ஹூதி என்னுமிடத்தில், சின் அரசின் கீழ்நிலை அதிகாரி ஒருவரின் கல்லறை தோண்டப்பட்டது. கி.மு. 217 அளவில் மூடப்பட்ட அக்கல்லறையில், பிணத்தைச் சுற்றி ஆயிரத்துக்கும் மேற்பட்ட மூங்கில் சுவடிகள் கிடந்தன. பெரும்பாலானவை சட்டம் பற்றியவை. கூடவே நல்ல நாள், கெட்ட நாள் பார்க்கும் ‘நாள்நூல்’ ஒன்றும் இருந்தது. அதில் திருடர்களைக் கண்டுபிடிப்பதற்கென்றே ஒரு பகுதி உண்டு. இன்ன நாளில் பொருள் களவுபோனால் திருடன் இன்ன விலங்குக்குரியவன். அவன் உருவம் இப்படியிருக்கும். பொருளை இன்ன இடத்தில் ஒளித்திருப்பான் என்று அது வரிசையாகக் கூறிச்செல்கிறது. எலி நாளில் திருடியவனுக்குக் கூர்மையான வாய், அடர்த்தியற்ற மீசை, கருநிறம், முகத்தில் மச்சம். பொருள் மதிலுக்குள் குப்பைக்கு அடியில் இருக்கும். நமக்குக் கிடைத்துள்ள பன்னிரு விலங்குப் பட்டியல்களில் மிகப் பழையவற்றுள் இது ஒன்று. விலங்கின் சாயலை மனிதன்மேல் ஏற்றிப்பார்க்கும் இந்த வித்தை நமக்கு முதலில் தென்படுவது களவு விசாரணையில்தான் என்பது எண்ணிப்பார்க்கத்தக்கது. நாள்தான் விலங்குக்குரியது, ஆண்டன்று. குற்றவாளியைத்தான் விலங்கு காட்டிக்கொடுக்கிறது, குழந்தையை அன்று.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. இன்று குதிரைக்குரியதாகிய ‘வூ’ என்னும் ஏழாம் கிளைக்கு ஷுய்ஹூதி சுவடி கூறும் விலங்கு மான். நீண்ட கழுத்தும் மெலிந்த கால்களும் கொண்ட திருடன் அந்நாளுக்குரியவன். 1986இல் கான்சு மாநிலத்தில் ஃபாங்மாதான் என்ற இடத்தில் கிடைத்த, ஏறக்குறைய அதே காலத்துச் சுவடியிலோ அந்த இடத்தில் குதிரை நிற்கிறது. ஃபாங்மாதான் என்ற ஊர்ப்பெயருக்குக் குதிரைகளை மேயவிடும் கரை என்று பொருள். தற்செயல்தான், எனினும் சொல்லாமல் விட மனம் வரவில்லை. ஆக, கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் குதிரைக்கு அந்த இடம் உறுதியாகியிருக்கவில்லை. சீனத்தின் ஒரு மூலையில் மானாக இருந்தது மற்றொரு மூலையில் குதிரையாக இருந்தது. மான் நிலைத்திருந்தால், இருபதாம் நூற்றாண்டு ஜப்பானில் எத்தனை பெண்குழந்தைகளின் கதை மாறியிருக்கும் என்று கேட்கத் தோன்றுகிறது.

கி.பி. முதல் நூற்றாண்டிற்குள் குதிரை வென்றுவிட்டது. அக்காலத்தில் வாழ்ந்த வாங் சொங் என்னும் சிந்தனையாளரின் ‘லுன்ஹெங்’ நூலில் இன்றுள்ள விலங்குகளே பேசப்படுகின்றன. அவர் அவற்றைப் பேசியது நம்புவதற்காக அன்று, மறுப்பதற்காக. ஒவ்வொரு விலங்கும் நீர், நெருப்பு, மரம், உலோகம், மண் என்ற ஐந்தில் ஒன்றுக்குரியது என்றும், ஒன்று மற்றொன்றை வெல்லும் என்றும் அவர்காலத்து அறிஞர்கள் சொல்லிவந்தனர். வாங் சொங் மிக எளிமையான கேள்விகளை எழுப்பினார். எலி நீருக்குரியது, குதிரை நெருப்புக்குரியது, நீர் நெருப்பை வெல்லும் என்கிறீர்கள். அப்படியானால் எலி குதிரையைத் துரத்துவதை எவரும் பார்த்ததில்லையே, ஏன்? சேவல் உலோகம், முயல் மரம். சேவல் முயலைக் கொத்தித் தின்பதில்லையே? பாம்பு நெருப்பு, குரங்கு உலோகம். பாம்பு குரங்கைத் தின்பதில்லையே? இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் எழுப்பப்பட்ட இக்கேள்விகளுக்கு இன்றுவரை எந்த ராசிபலன் நூலும் விடை சொன்னதில்லை. கேள்வி மறந்துபோயிற்று, எலியும் குதிரையும் நிலைத்துவிட்டன. தர்க்கத்தால் தோற்கடிக்கப்பட்டவை தோற்றதாகவே தெரியாமல் வாழ்ந்துகொண்டிருப்பது வரலாற்றில் நாம் அடிக்கடி காணும் காட்சிதானே.

குதிரை ஏன் நெருப்பு என்பதையும் பார்த்துவிடுவோம். பன்னிரு கிளைகள் ஆண்டுகளுக்கு மட்டுமன்றி மாதங்களுக்கும், திசைகளுக்கும், ஒரு நாளின் பொழுதுகளுக்கும் உரியவை. எலி நள்ளிரவு, வடக்கு, குளிர்காலத்தின் நடு. அதற்கு நேரெதிரே நிற்கும் குதிரை நண்பகல், தெற்கு, கோடையின் உச்சி. வெப்பத்தின் உச்சம் நெருப்பாகத்தானே இருக்க முடியும்? இந்த ஏற்பாட்டின் தடம் இன்றும் மொழியில் இருக்கிறது. ஜப்பானியர் முற்பகலை ‘கோசென்’ என்றும் பிற்பகலை ‘கோகோ’ என்றும் சொல்கிறார்கள். நேர்ப்பொருள் குதிரைக்கு முன், குதிரைக்குப் பின் என்பதே. தீர்க்கரேகைக்குச் சீன மொழியில் எலி-குதிரைக் கோடு என்று பெயர். பல் மருத்துவரிடம் நேரம் குறித்துக்கொள்ளும் டோக்கியோக்காரர் ஒவ்வொருவரும் அறியாமலே குதிரையின் பெயரைச் சொல்கிறார்.

இனி, பத்துத் தண்டுகளில் மூன்றாவதாகிய ‘பிங்’ என்பதும் நெருப்பே. ஜப்பானிய மொழியில் அது ‘ஹினோஎ’, நெருப்பின் தமையன். குதிரையும் நெருப்பு, தண்டும் நெருப்பு. இவை சேரும் ஆண்டு நெருப்பின்மேல் நெருப்பு. அறுபதாண்டுக்கு ஒருமுறை இது வருகிறது: 1666, 1726, 1786, 1846, 1906, 1966.

சீனத்தில் இந்த இணைக்கு ஏற்பட்ட கெட்டபெயர் பெண்களைப் பற்றியதன்று என்பதை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். அங்கே அது அரசுகளின் கேடு. தீக்குதிரை ஆண்டும் அதையடுத்த தீ ஆட்டு ஆண்டும் நாட்டிற்குப் பேரிடர் தரும் என்று கருதப்பட்டது. செங்குதிரை, செவ்வாடு என்று அவற்றைச் சேர்த்துச் சொல்வார்கள். தென்சொங் காலத்தில் சாய் வாங் என்ற கவிஞர், 1246ஆம் ஆண்டு, அதுவும் ஒரு தீக்குதிரை ஆண்டே, புத்தாண்டு நாளில் சூரியகிரகணம் நேர்ந்து பேரரசர் ஆலோசனை கேட்டபோது, ஒரு நூலைத் தொகுத்து அரசவைக்கு அளித்தார். கி.மு. 255 முதல் கி.பி. 947 வரை வந்த இருபத்தொரு தீக்குதிரை, தீ ஆட்டு ஆண்டு இணைகளில் நாட்டிற்கு நேர்ந்த கேடுகளை அதில் அடுக்கியிருந்தார். சொந்த அரச வம்சத்தின் காலம் தொடங்குமுன்பே பட்டியலை நிறுத்திக்கொண்டார். நிறுத்தியும் பயனில்லை. 1126, 1127ஆம் ஆண்டுகளில் தலைநகர் கைஃபெங்கை ஜுர்ச்சென் படைகள் வீழ்த்திப் பேரரசர்கள் இருவரைச் சிறைபிடித்துச் சென்ற வடு அனைவர் மனத்திலும் இருந்தது. அவை தீக்குதிரையும் தீ ஆடும்தாம். ஆளுவோரின் சினத்திற்கு ஆளான சாய் வாங் சிறையில் அடைக்கப்பட்டு, ஒருவர் பரிந்துபேசியபின் விடுதலையாகி ஊர் திரும்பினார். அவர் நூலை மூடநம்பிக்கை என்று தள்ளிவிடுவது எளிது. ஆனால் அங்கே சோதிடம், ஆள்பவனை நோக்கி ‘எச்சரிக்கையாயிரு’ என்று சொல்வதற்கான கருவியாக இருந்தது. கடல்கடந்து ஜப்பான் சேர்ந்தபோது அதே கருவி வலியவரை விட்டுவிட்டு எளியவர்மேல் திரும்பியது.

ஜப்பானில் தீக்குதிரை முதலில் தீவிபத்துகளின் ஆண்டாகவே அஞ்சப்பட்டது. மரமும் காகிதமும் கொண்டு கட்டப்பட்ட எடோ நகரில், இன்றைய டோக்கியோவில், நெருப்பைப்பற்றிய அச்சத்திற்குக் குறைவிருக்க முடியாது. அந்நகரைப் பொசுக்கிய மெய்ரேகிப் பெருந்தீ 1657இல், சேவல் ஆண்டில் ஏற்பட்டது என்பதை மட்டும் யாரும் கணக்கில் கொள்ளவில்லை. பிறகு, எடோ காலத்திலேயே, ஆண்டின் கேடு அவ்வாண்டில் பிறந்த பெண்ணின் கேடாக மாறியது. இந்த மாற்றத்தின் நடுவில் நிற்பவள் ஒரு காய்கறிக்கடைக்காரரின் மகள்.

அவள் பெயர் ஓஷிச்சி. 1682இன் குளிர்காலத்தில் எடோவில் பற்றிய தீயில் வீட்டை இழந்த குடும்பம் ஒரு புத்தமடத்தில் தஞ்சம் புகுந்தது. அங்கே ஓர் இளைஞன்மேல் அவளுக்குக் காதல் உண்டாயிற்று. வீடு திரும்பிய பின், மீண்டும் ஒரு தீ வந்தால் மீண்டும் மடத்திற்குச் செல்லலாம், அவனைக் காணலாம் என்று எண்ணித் தானே தீவைத்தாள் என்பது கதை. தீ உடனே அணைக்கப்பட்டது. ஆயினும் எடோவில் தீவைப்புக்கு ஒரே தண்டனைதான். 1683இல் அவள் சுசுகமோரி கொலைக்களத்தில் எரித்துக் கொல்லப்பட்டாள். மூன்றே ஆண்டுகளில், 1686இல், இஹாரா சைக்காக்கு தம் ‘காதல் வயப்பட்ட ஐந்து பெண்கள்’ நூலில் அவள் கதையை எழுதினார். பின்னர் பொம்மலாட்டமும் கபுகியும் அவளை எடுத்துக்கொண்டன. காவற்கோபுரத்தில் ஏறி அவள் தீ முரசு கொட்டும் காட்சி இன்றும் மேடையில் நிற்கிறது.

அவளைத் தீக்குதிரைப் பெண் என்று வழிவழியாகச் சொல்லிவந்தனர். நெருப்பில் பிறந்தாள், நெருப்பு வைத்தாள், நெருப்பில் மாண்டாள் என்ற ஒழுங்கு கதைசொல்பவர்களுக்கு எத்துணை வசதியானது! ஆனால் கணக்குப் பொருந்தவில்லை. சைக்காக்குவின் கதையில் அவளுக்கு வயது பதினாறு. பிறந்தவுடன் ஒரு வயது என்றும், ஒவ்வொரு புத்தாண்டிலும் ஒன்று கூடும் என்றும் எண்ணும் அக்கால முறைப்படி, அவள் பிறந்தது 1667 அல்லது 1668 ஆகவேண்டும்; ஒன்று ஆடு, மற்றொன்று குரங்கு. 1666இல் பிறந்திருந்தால் அவள் இறக்கும்போது வயது பதினெட்டு. அவளைப்பற்றிய இன்னொரு மரபுக்கதையும் வயதைச் சுற்றியே சுழல்கிறது. பதினைந்து என்று சொன்னால் சிறுமியென்று உயிரைக் காப்பாற்றலாம் என எண்ணிய நீதிபதி, உனக்குப் பதினைந்துதானே என்று கேட்டாராம். அவள் இல்லை, பதினாறு என்றாளாம். உயிர்பிழைக்க ஒரு வயதைக் குறைத்துக்கொள்ள மறுத்தவளுக்கு, இறந்தபின் ஊரார் ஓரிரு வயதைக் கூட்டிக் குதிரையாக்கிவிட்டனர்.

குதிரையின் குணமாகச் சொல்லப்படுபவை இந்த இடத்தில் இரண்டாகப் பிரிவதைக் காண்கிறோம். வேகம், தளராமை, தன் வழியே செல்லும் துணிவு, எதையும் தொடங்கிவைக்கும் ஊக்கம் ஆகியவை தீக்குதிரை ஆண்டில் பிறந்த ஆணுக்குச் சிறப்பாகின்றன; குறைந்தபட்சம் குற்றமாவதில்லை. அதே பட்டியல் பெண்ணுக்கு வரும்போது அடங்காமை, ஆத்திரம், கணவனை மிதித்தல் என்று மொழிபெயர்க்கப்படுகிறது. விலங்கு ஒன்றே, ஆண்டு ஒன்றே, குணங்களும் ஏறக்குறைய ஒன்றே. மூல நட்சத்திரம் என்றும் செவ்வாய் தோஷம் என்றும் பெண்களின் ஜாதகங்களைத் தள்ளிவைத்த வீடுகளை அறிந்த நம் வாசகர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

1906க்கு வருவோம். மெய்ஜி ஆட்சியின் 39ஆம் ஆண்டு. ருஷ்யாவை வென்ற பெருமிதத்தில் இருந்த, தொழிற்சாலைகளும் கட்டாயக் கல்வியும் கொண்ட நவீன ஜப்பான். அங்கே 1872லிருந்தே அரசின் குடும்பப்பதிவேடு முறை நடைமுறையில் இருந்ததால், நம்பிக்கையின் தடம் முதல்முறையாக எண்களில் பதிந்தது. 1905இல் 14,52,770 பிறப்புகள், 1906இல் 13,94,295, 1907இல் 16,14,472. வீழ்ச்சி நூற்றுக்கு நான்குதான். போர்முனையிலிருந்து திரும்பிய வீரர்களால் 1907இன் எழுச்சியில் ஒரு பங்கு ஏற்பட்டிருக்கலாம். ஆனால் உண்மையைக் காட்டிக்கொடுப்பது வேறோர் எண். இயற்கையில் நூறு பெண்குழந்தைகளுக்கு ஏறத்தாழ நூற்றைந்து ஆண்குழந்தைகள் பிறக்கின்றன. 1906இன் பதிவேட்டில் இது 108.7 ஆக உயர்ந்து, முந்தைய ஆண்டிலும் பிந்தைய ஆண்டிலும் 102.7 ஆகத் தாழ்ந்திருக்கிறது. பெண்குழந்தைகள் ஒரு குறிப்பிட்ட ஆண்டில் மட்டும் குறைந்து, இரு பக்கமும் மிகுந்து பிறப்பதற்கு இயற்கையில் வழியில்லை. 1906இன் தொடக்கத்தில் பிறந்த மகளை, சென்ற ஆண்டே பிறந்தவள் என்று பதிந்தார்கள். இறுதியில் பிறந்தவளுக்குப் பதிவைத் தள்ளிப்போட்டு, 1907ஆம் ஆண்டுக்காரியாக்கினார்கள்.

இந்தப் பொய்யைப்பற்றி நமக்கு இருமனமாக இருக்கிறது. விதி பிறந்த நாளில் எழுதப்படுகிறது என்று உண்மையாகவே நம்பியவன், பதிவேட்டில் நாளை மாற்றி எழுதுவதால் என்ன பெறப்போகிறான்? விண்மீன்கள் பதிவேட்டைப் படிப்பதில்லை. மாப்பிள்ளை வீட்டார் படிக்கிறார்கள். அந்தத் தந்தைமார் வானத்திற்கு அஞ்சவில்லை, அண்டை வீட்டாருக்கு அஞ்சினார்கள். சட்டத்தின் பார்வையில் அது குற்றம். ஆனால் மகள் பொருட்டு அலுவலகத்தில் துணிந்து பொய்சொன்ன அவர்களை, ஓஷிச்சிக்கு வயதைக் கூட்டியவர்களோடு ஒரே வரிசையில் நிறுத்த நம்மால் இயலவில்லை.

மறு ஆண்டு, 1907இல், பல்கலைக்கழகப் பதவியை விட்டு ஆசாஹி நாளிதழில் சேர்ந்த நட்சுமே சோசெகி, அங்கே எழுதிய முதல் தொடர்கதை ‘குபிஜின்சோ’. படிப்பும் அழகும் செருக்கும் வாய்ந்த ஃபுஜியோ என்னும் இளம்பெண்ணை அக்கதையில் அவர் ஹினோஎ உமா என்று குறிக்கிறார். 1907இல் மணப்பருவத்தில் இருக்கும் ஒருத்தி 1846இலும் பிறந்திருக்க முடியாது, 1906இலும் பிறந்திருக்க முடியாது. ஆகவே அங்கே அச்சொல் பிறந்த ஆண்டைக் குறிக்கவில்லை. தன் விருப்பப்படி ஆணைத் தேர்ந்துகொள்ள முற்படும் பெண்ணுக்குரிய வசைச்சொல்லாகிவிட்டது. சோசெகி போன்ற நுண்ணிய உள்ளமும் அச்சொல்லைத் தயங்காமல் எடுத்தாண்டது. கதையின் முடிவில் ஃபுஜியோ சாகிறாள்.

தீக்குதிரை ஆண்டிலேயே பிறந்த எழுத்தாளர் ஒருவரும் உண்டு. போருக்குப் பின் ஜப்பானிய இலக்கியத்தை உலுக்கிய சாக்காகுச்சி அங்கோ, 1906 அக்டோபரில் நீகாத்தாவில் பிறந்தார். அவருடைய இயற்பெயர் ஹேய்கோ: தீக்குதிரை ஆண்டின் ஐந்தாம் மகன் என்பதைக் குறிக்கும் பெயர். ஆண்மகனாதலால் ஆண்டைப் பெயரிலேயே சூட்டிக்கொண்டு நடமாட முடிந்தது. இறப்பதற்கு ஓராண்டு முன்பு ஹினோஎ உமாவைப் பற்றி ஒரு கட்டுரையும் எழுதினார். அவருக்கு ஒத்த வயதினரான பெண்களில் பதிவேட்டில் இடம்மாறாதவர்கள், 1920களில் மணப்பருவம் எய்தியபோது என்ன ஆனார்கள் என்பதை அக்கால நாளேடுகளில் காணலாம். வரன் தட்டிப்போனவர்கள், வயதை மறைத்தவர்கள், உயிரை மாய்த்துக்கொண்டவர்கள் ஆகியோரைப் பற்றிய செய்திகள் அவற்றில் வந்தன.

அந்தப் பெண்களுக்கு அறுபது நிறைந்த ஆண்டுதான் 1966. பாட்டியும் பெரியத்தையுமாக அவர்கள் வீடுகளில் அமர்ந்திருந்தார்கள். தாம் பட்டதைச் சொல்ல அவர்களுக்கு நாவிருந்தது. நாளிதழ்களும் வார இதழ்களும் ஆண்டு பிறக்குமுன்பே இப்பேச்சைத் தொடங்கிவிட்டன. மூடநம்பிக்கையை நம்பாதீர் என்று எழுதியவர்களும்கூட, மறந்திருந்தவர்களுக்கு நினைவூட்டியதைத்தான் சாதித்தார்கள் என்று தோன்றுகிறது. நான் நம்பவில்லை, ஆனால் நாளைக்கு இவளைப் பெண்பார்க்க வருகிறவர்கள் நம்பினால்? இந்த ஒரு கேள்வி போதுமாயிருந்தது. எல்லாரும் பிறர் நம்புவதாக நம்பினார்கள். அப்படி ஒரு நம்பிக்கை நிலவ, உண்மையில் நம்புகிறவர் ஒருவர்கூட வேண்டியதில்லை.

1906இன் பெற்றோருக்கு இல்லாத வசதிகள் 1966இன் பெற்றோருக்கு இருந்தன. கருத்தடை பரவியிருந்தது, மாத்திரைக்கு ஜப்பான் அனுமதியளித்தது 1999இல்தான் என்பதால், பெரும்பாலும் ஆணுறையே. கருக்கலைப்பு 1948லிருந்து சட்டத்தின் அனுமதியோடு நடந்தது. 1965இல் நூறு பிறப்புகளுக்குப் பதிவான கருக்கலைப்புகள் 46 என்ற அளவில் இருந்தன. 1966இல் அது 59 ஆயிற்று. குழந்தை எந்தப் பாலென்று முன்கூட்டி அறிய வழியில்லாத காலம் அது. எனவே மகளுக்கு அஞ்சியவர்கள் மகனையும் சேர்த்தே தவிர்த்தார்கள். பிறப்பு விகிதம் பெண்ணொருத்திக்கு 2.14இலிருந்து 1.58ஆகி, மறு ஆண்டு 2.23க்கு ஏறியது. பழைய பொய்யும் முற்றாக மறையவில்லை. 1966இன் பதிவில் நூறு பெண்களுக்கு ஆண்கள் 107.6. இதைவிடக் கொடிய ஐயமும் உண்டு. அவ்வாண்டில் பிறந்து சில நாட்களில் விபத்தாலும் வன்முறையாலும் இறந்ததாகப் பதிவான பெண்சிசுக்களின் விகிதம் அண்டை ஆண்டுகளைவிட மிகுந்திருந்ததை 1975இல் வெளியான ஓர் ஆய்வு சுட்டிக்காட்டி, அவர்கள் பலியிடப்பட்டார்களா என்று தலைப்பிலேயே கேட்டது.

இத்தனைக்கும் எந்தக் குழந்தை தீக்குதிரை என்பதிலேயே ஒரு கோணல் இருக்கிறது. 1873இல் ஜப்பான் மேலைநாட்டு நாட்காட்டிக்கு மாறியது. அதன்பின் அங்கே விலங்காண்டு ஜனவரி முதல் நாளிலேயே தொடங்குகிறது. சீன முறைப்படி 1966இன் புத்தாண்டு ஜனவரி 21. ஆகவே அவ்வாண்டு ஜனவரி 10ஆம் நாள் ஒசாக்காவில் பிறந்தவள் கணவனை விழுங்கும் குதிரை. அதே நாளில் தைப்பேயில் பிறந்தவள் சாதுவான மரப்பாம்பு.

சரி, அந்த 1966இன் குழந்தைகள் எப்படியிருந்தார்கள்? வகுப்பறைகளில் கூட்டம் சற்றுக் குறைவாக இருந்தது. வளர்ந்தார்கள், படித்தார்கள், வேலைக்குச் சென்றார்கள், மணமுடித்தார்கள். 1920களில் நிகழ்ந்தவாறு வாழ்க்கை அவர்கள்முன் கதவை அடைக்கவில்லை. பெண்களும் சம்பாதிக்கத் தொடங்கி, பெற்றோர் பேசி முடிக்கும் திருமணங்கள் அருகிவிட்ட காலத்தில் அவர்கள் பருவமெய்தினார்கள் என்பதே பெருங்காரணமாயிருக்க வேண்டும். அவர்களில் ஒருவர் 1966 செப்டம்பர் 11 அன்று பிறந்த கிகோ. பேரரசரின் இளைய மகன் அகிஷினோவை அவர் 1990 ஜூனில் மணந்தார். 2006இல் அவருக்குப் பிறந்த ஹிசாஹிதோ, நாற்பத்தோராண்டு இடைவெளிக்குப்பின் அரச குடும்பத்தில் பிறந்த முதல் ஆண்மகவு. ஆண்வழியே அரசுரிமை செல்லும் அந்தப் பழைய வம்சத்தின் தொடர்ச்சி ஒரு தீக்குதிரைப் பெண்ணின் மகனையே நம்பி நிற்கிறது.

அந்தத் திருமணம் நடந்த அதே மாதத்தில் ஜப்பானிய அரசு ஒரு புள்ளிவிவரத்தை வெளியிட்டது. 1989இன் பிறப்பு விகிதம் 1.57. அதாவது, இலட்சக்கணக்கானோர் திட்டமிட்டுத் தவிர்த்த 1966இன் 1.58ஐவிடவும் குறைவு. எந்த விலங்கின் துணையுமின்றி, எந்த அச்சமுமின்றி, வெறும் வாழ்க்கையின் நெருக்கடியே தீக்குதிரையை முந்திவிட்டது. நாளிதழ்கள் அதை ‘1.57 அதிர்ச்சி’ என்றழைத்தன.

அதே 1990இல் கொரியாவில் நிகழ்ந்ததையும் ஒரு வரி சொல்லியாக வேண்டும். அது உலோகக் குதிரை ஆண்டு. கொரிய வழக்கில் வெள்ளைக் குதிரை. அவ்வாண்டுப் பெண்ணுக்கும் இதே பழிச்சொல்தான். கருவின் பாலைத் தெரிவிப்பதை 1987இலேயே சட்டம் தடைசெய்திருந்தும் ஸ்கேன் கருவிகள் பேசிக்கொண்டுதான் இருந்தன. தென்கொரியாவில் 1990இல் பிறந்த குழந்தைகளில் நூறு பெண்களுக்கு 116.5 ஆண்கள். 1966இன் ஜப்பானியர் கருவில் இருப்பது எதுவென்று அறியாமல் இருபாலரையும் தவிர்த்தனர். அறிந்துகொள்ளும் வசதி வந்தபோது என்ன நேரும் என்பதற்கு இந்த எண்ணே விடை.

2026 மீண்டும் தீக்குதிரை ஆண்டு. சீன முறைப்படி அது பிப்ரவரி 17இல் தொடங்குகிறது. ஜப்பானில் 2024இல் பிறந்தவை 6,86,061 குழந்தைகளே. பிறப்பு விகிதம் 1.15. அச்சத்தால் சுருங்கிப்போன 1966இன் எண்ணிக்கைகூட இதைப்போல் ஏறக்குறைய இருமடங்கு. பிறக்கும் ஒவ்வொரு குழந்தையையும் அரசே கைகூப்பி வரவேற்கும் நிலையில், மகளின் பிறந்தநாளை டிசம்பருக்குத் தள்ளி எழுதச்சொல்லி எந்தத் தந்தையும் பதிவு அலுவலகத்தில் கெஞ்சப்போவதில்லை. அப்படி எழுதியிருந்தாலும் மருத்துவமனை கொடுக்கும் பிறப்புச் சான்றிதழில் பிறந்த நேரம் இருக்கும். கோசென் இத்தனை மணி, கோகோ இத்தனை மணி என்று, குதிரைக்கு முன்னோ பின்னோ.